வலது கைக்கு வேலை கொடுங்கள்: ரிதம் கிற்றார் சலிக்காமல் வாசிக்க

எங்கள் திருகோணமலையில், நிலாவெளிப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் நாங்கள் வாசித்ததை யாரோ போனில் பதிவுசெய்து அனுப்பியிருந்தார்கள். ஆசையாகப் போட்டுக் கேட்டேன், நாலாவது பாட்டில் நிறுத்திவிட்டேன். பாடுகிறவர் மாறுகிறார், சுருதி மாறுகிறது, மெல்லிசை போய் ஆட்டப் பாட்டு வருகிறது, என் கிற்றார் மட்டும் முதல் பாட்டில் எதை அடித்ததோ அதையே அடித்துக்கொண்டிருக்கிறது. கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல். மார்கழி மழை தகரக் கூரையில் விழுவது போல, விடாமல், ஒரே சீராக. எங்களோடு கீபோர்ட் வாசிக்கும் அண்ணன் இதை முன்பே சொல்லியிருந்தார்: "தம்பி, நீ வாசிக்கிறது கேக்குது, என்ன வாசிக்கிறாய் எண்டுதான் கேக்கேல்லை." அப்போது பகிடி என்று நினைத்தேன்.

எல்லாரும் செய்வதைத்தான் நானும் முதலில் செய்தேன்: புதுக் கோர்ட், அதாவது பல சுரம் சேர்ந்து ஒலிக்கும் புதுப் பிடி, தேடிப் போனேன். 9, 13, டிமினிஷ்ட் என்று விரல் சுளுக்கும் அளவுக்குப் படித்தேன். இரண்டு மாதம் கழித்துப் பதிவு செய்து கேட்டால் சோறு அதேதான், தட்டுத்தான் புதிது. குறை இடது கையில் இல்லை என்று விளங்க அவ்வளவு நாள் எடுத்தது.

ஆகவே இங்கே நாலு கோர்ட்டுக்கு மேல் கிடையாது: சி, ஏ மைனர், எஃப், ஜி. எஃப் முழு பாராக, ஒரு விரலைக் குறுக்கே போட்டு எல்லாக் கம்பியையும் அழுத்தி, பிடிக்க வராவிட்டால் மெல்லிய நாலு கம்பியில் பிடிக்கும் சின்ன எஃப் போதும். இந்த நாலிலும் பாடக்கூடிய, மனப்பாடமான ஒரு பாட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் எல்லாவற்றையும் அந்த ஒரே பாட்டில் செய்து பாருங்கள், பாட்டை மாற்றாதீர்கள். பாட்டை மாற்றினால் வித்தியாசம் பாட்டிலிருந்து வந்ததா உங்கள் கையிலிருந்து வந்ததா என்று தெரியாமல் போகும்.

கம்பி எண்ணிக்கையில் குழப்பம் வேண்டாம். மெல்லிய கம்பி 1, தடித்தது 6.

கை நிற்கக் கூடாது

இடது கையால் எல்லாக் கம்பியையும் மெதுவாக மூடுங்கள், அழுத்த வேண்டாம். இப்போது அடித்தால் சுரம் வராது, "சக் சக்" என்று மட்டும் கேட்கும். ஒரு பாரை, அதாவது 1-2-3-4 என்று எண்ணும் ஒரு தாளச் சுற்றை, எட்டு இடமாகப் பிரியுங்கள். ஒற்றைப்படை இடங்களில் கை கீழே போகும், இரட்டைப்படை இடங்களில் மேலே வரும். 1 கீழ், 2 மேல், 3 கீழ், 4 மேல், அப்படியே 8 வரை. ஊஞ்சல் போல அது ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். கம்பியில் படுவதும் படாததும் மட்டுமே உங்கள் கையில் இருக்கிறது, ஆட்டம் நிற்பது இல்லை.

மேலே நான் சொன்ன அந்தப் பழைய அடி 1, 3, 4, 6, 7, 8 இல் படுகிறது, 2 இலும் 5 இலும் கை வெறுமனே காற்றில் போகிறது. உலகத்தில் பாதிப் பேர் அதைத்தான் அடிக்கிறார்கள். கெட்ட அடி இல்லை, அதை மட்டுமே அடிப்பதுதான் கெட்டது. எட்டு இடத்தில் எதில் படுவது, எதில் படாமல் விடுவது என்று மாற்றி மாற்றிப் பார்த்தாலே நூற்றுக்கணக்கில் அடிகள் கிடைக்கும், எல்லாமே அதே ஊஞ்சல் கையில். இன்னொன்று: காற்றில் போகும் இடத்தில் சில வேளை மூடிய கம்பியில் "சக்" என்று லேசாகத் தட்டுங்கள். மேளக்காரர் இல்லாத இடத்தில் அந்தச் "சக்" தான் மேளம்.

சொற்கட்டில் இருந்து அடி எடுப்பது

இணையத்தில் அம்புக்குறி போட்ட அடிகள் ஆயிரம் கிடைக்கும், பார்த்து அடிக்கலாம், நாளைக்கே மறந்து போகும். பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவில் தவில் கேட்டு வளர்ந்த ஆளுக்கு அம்புக்குறி எதற்கு? நமக்கு மூன்றுக்குத் தகிட இருக்கிறது, நாலுக்குத் தகதிமி இருக்கிறது. வாயால் சொல்ல முடிந்ததைக் கை தானாக அடிக்கும்.

எட்டை மூன்று, மூன்று, இரண்டாக உடையுங்கள்: தகிட தகிட தக. ஒவ்வொரு "த" விலும் மட்டும் கம்பியில் படுங்கள். 1 இல் கீழடி, 4 இல் மேலடி, 7 இல் கீழடி. மற்ற இடங்களில் கை ஆடும், படாது. சி கோர்ட்டில் இதை மெதுவாக ஒரு நிமிடம் அடித்துப் பாருங்கள், பாட்டு சட்டென்று முன்னுக்குச் சாயும், காலைத் தட்டச் சொல்லும். இதையே திருப்பித் தக தகிட தகிட என்று வைத்தால் 1, 3, 6. தகிட தக தகிட என்றால் 1, 4, 6. அதே மூன்று துண்டுதான், மூன்றும் மூன்று விதமான நடை.

கொஞ்சம் பழகியதும் இரண்டு பாரைச் சேர்த்துப் பதினாறாக எடுங்கள்: தகிட தகிட தகிட தகிட தகதிமி. முதல் பாரில் 1, 4, 7, இரண்டாவது பாரில் 2, 5. இரண்டாவது பாரின் முதல் அடியில் கம்பி சும்மா இருக்கிறது பாருங்கள், அந்த இடத்தில் கேட்கிறவருக்கு ஒரு சின்னத் தடுமாற்றம் வரும், அடுத்த கணமே பிடிபட்டுவிடும். அதுதான் ருசி. ஆனால் பாடுகிறவர் புதியவர் என்றால் இதை மேடையில் எடுக்காதீர்கள், அவர் தாளம் தவறினால் பழி உங்கள் தலையில்தான் விழும்.

பாட்டின் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததுக்குப் போகும்போது மிருதங்கக்காரர் ஒரே சொற்கட்டை மூன்று முறை வாசித்து முடிக்கும் தீர்மானம் வைப்பாரே, அதையும் களவெடுக்கலாம். கடைசிப் பாரில் தகதோம் தகதோம் தகதோம். முதல் "தோம்" 3 இல், இரண்டாவது 6 இல், மூன்றாவது சரியாக அடுத்த பாரின் 1 இல் போய் விழும். எட்டு இடத்திலும் அடியுங்கள், தோம் விழும் இடங்களில் மட்டும் பலமாக. 6 இல் வருவது மேலடி, அது மேலடி என்பதால் சத்தம் குறையும், அதை வேண்டுமென்றே இழுத்து அடிக்கப் பழக வேண்டும். எனக்கு அது சரிவர ஒரு கிழமை பிடித்தது.

ஆறு எண்ணிக்கை

எங்கள் ஊரிலும் மட்டக்களப்பிலும் உள்ள பறங்கியர் வீட்டுக் கல்யாணங்களில் கப்ரிஞ்ஞா என்ற ஆட்ட இசையைக் கேட்டிருப்பீர்கள், வயலினும் றபான் என்ற கை மேளமும் கிற்றாருமாக. அது 6/8, பாருக்கு ஆறு இடம். பைலா ஆட்டப் பாட்டின் வேர் அங்கேதான். ஆனால் நம் பக்கத்து இசைக்குழுக்கள் பல, பைலா என்று அறிவித்துவிட்டு நேர் நாலில் அடித்துத் தள்ளுகின்றன. ஆடுகிறவர்கள் ஆடத்தான் செய்வார்கள், அவர்களுக்கு அந்த நேரத்தில் எதுவும் ஆட்டம்தான். எனக்கு எரிச்சல் வரும்.

ஆறு இடம் எடுங்கள். கீழ் மேல் கீழ் மேல் கீழ் மேல், ஊஞ்சல் அப்படியே. முதலில் 1 இலும் 4 இலும் அழுத்தம் கொடுங்கள், தகிட தகிட. இப்போது இரண்டாவது அழுத்தம் மேலடியில் வருகிறது. நன்றாக ஓடத் தொடங்கியதும், கையை மாற்றாமலே அழுத்தத்தை மட்டும் 1, 3, 5 க்குக் கொண்டுபோங்கள், தக தக தக. இரண்டாக நடந்தது மூன்றாக நடக்கும். ஒரு பார் இது, ஒரு பார் அது என்று மாற்றி மாற்றி வைத்தால் உடம்பு தானாக அசையும். வேகம் பிறகு வரட்டும். இந்த மாற்றத்தை மெதுவாகச் செய்ய முடியாதவர் வேகத்தில் செய்தால் வெறும் உரசல்தான் கேட்கும்.

ஆறு கம்பியையும் எப்போதும் அடிக்க வேண்டியதில்லை

கிற்றாரை ஒரே வாத்தியமாக நினைப்பதுதான் பிரச்சினை. தடித்த மூன்று கம்பி ஓர் ஆள், மெல்லிய மூன்று கம்பி இன்னோர் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவர் 1 இலும் 5 இலும் பேசட்டும், இரண்டாமவர் 3 இலும் 7 இலும் பதில் சொல்லட்டும். உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கரைவலை இழுக்கும் இடத்தில் அம்பா பாடக் கேட்டவர்களுக்கு இது உடனே விளங்கும். ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிச் சொல்ல, இழுவை அந்த வாங்கலில் விழும். எல்லாரும் எல்லா நேரமும் கத்தினால் வலை வராது.

பாஸ் சுரத்தை, அதாவது தடித்த கம்பியில் வரும் அடிச் சுரத்தை, கோர்ட்டின் பெயரிலேயே கட்டிப்போடவும் வேண்டாம். சி யில் முதலில் 5ஆம் கம்பி 3ஆம் ஃபிரெட் (கழுத்தில் உலோகக் குறுக்குக் கோடுகள் பிரிக்கும் கட்டம்), அடுத்த முறை அதே விரலை 6ஆம் கம்பி 3க்குத் தூக்கிப் போடுங்கள். ஏ மைனரில் 5ஆம் கம்பி திறந்து, பிறகு 6 திறந்து. கோர்ட் மாறும் இடத்தில் நடந்து போங்கள்: சி யிலிருந்து ஏ மைனருக்கு 5ஆம் கம்பியில் 3, 2, திறந்தது. அங்கிருந்து எஃப் க்கு 6ஆம் கம்பியில் 3, பிறகு 1. இவ்வளவுதான், ஆனால் பாடுகிறவர் திரும்பி உங்களைப் பார்ப்பார்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு. 2ஆம் கம்பியை மட்டும் கவனியுங்கள். சி, ஏ மைனர், சின்ன எஃப் மூன்றிலும் அதில் 1ஆம் ஃபிரெட்டில் விரல் இருக்கிறது, ஜி யில் திறந்திருக்கிறது. சி பிடித்துக்கொண்டே அந்த விரலைத் தூக்கினால் ஒரு நிறம், சுண்டுவிரலை 3ஆம் ஃபிரெட்டில் வைத்தால் இன்னொரு நிறம். ஏ மைனரிலும் அப்படியே, தூக்கினால் சஸ் 2 என்ற கோர்ட், சுண்டுவிரல் வைத்தால் சஸ் 4 என்ற கோர்ட். ஜி யில் 1 வைத்து எடுங்கள். எஃப் இல் மட்டும் விரலைத் தூக்க வேண்டாம், கொஞ்சம் கடிக்கும், 3 வைக்கலாம். இப்படித் திறந்தது, 1, 3 என்ற மூன்று சுரத்தை வைத்துக்கொண்டே அடிக்குள் ஒரு குட்டி மெட்டு ஓடவிடலாம், கோர்ட் பிடி கலையாமல். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் செய்யுங்கள். அவர் பாடும்போதே செய்தால் குறுக்கே பேசியது மாதிரி.

சத்தத்தைக் குறைக்கவும் நிறுத்தவும்

உள்ளங்கையின் ஓரத்தை, சுண்டுவிரல் பக்கத்தை, பிரிட்ஜில், அதாவது கிற்றார் உடம்பில் கம்பி தொடங்கும் இடத்தில், மெதுவாக வையுங்கள். சரணத்தை அப்படி அமுக்கி வாசித்துப் பல்லவியில் கையை எடுத்தால், சத்தமாக அடிக்காமலே பாட்டு விரியும். கை ஒரு விரலளவு முன்னுக்குப் போனாலும் சுரம் செத்து வெறும் தட்டல்தான் கேட்கும், ஆகவே இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும், ஒவ்வொரு கிற்றாரிலும் கொஞ்சம் வேறுபடும். அடிக்கும் இடமும் முக்கியம். பிரிட்ஜ் பக்கம் போனால் கூர்மை, கழுத்துப் பக்கம் வந்தால் மென்மை. பிக்கை, கம்பி அடிக்கும் அந்தச் சின்னத் தகட்டை, கீழே வைத்துவிட்டுப் பெருவிரல் சதையால் அடித்தால் அதே கோர்ட் வேறு ஆளாக வரும். இதுக்கெல்லாம் ஒரு சதமும் செலவில்லை, ஆனால் சத்தத்தை மாற்றும் பெடல் வாங்கத்தான் எல்லாரும் ஓடுகிறோம்.

நிறுத்துவது இதைவிடக் கஷ்டம். விரலைக் குறுக்கே போட்டுப் பிடிக்கும் பார் கோர்ட் என்றால் இடது கையைத் தளர்த்தினால் சத்தம் நின்றுவிடும். திறந்த கம்பி உள்ள கோர்ட்டில் அது நடக்காது, வலது உள்ளங்கையைக் கம்பிமேல் வைத்து அணைக்க வேண்டும். பல்லவிக்கு முந்திய பாரில் 1 இல் ஒரே ஓர் அடி, உடனே அணைப்பு, மிச்சம் ஏழு இடமும் வெறுமை, பாடகரின் குரல் மட்டும். பிறகு எல்லாருமாக விழுங்கள். முதல் முறை செய்யும்போது அந்த ஏழு இடம் ஏழு நிமிடம் போல இருக்கும், கை துடிக்கும், அடித்துவிடாதீர்கள். அந்த நேரத்திலும் கால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறானதும் ஒன்று உண்டு, முந்திக்கொண்டு மாறுவது. அடுத்த கோர்ட்டை 1 வரும்வரை வைத்திருக்காமல், முந்திய பாரின் 8 இல், அந்த மேலடியில், புதுக் கோர்ட்டை அடித்துவிட்டு 1 ஐச் சும்மா விடுங்கள். ஒரு பாட்டில் இரண்டு மூன்று இடத்தில் போதும். எழுபதுகளின் இலங்கைத் தமிழ்ப் பொப் பாட்டுகளை இதே காதோடு கேட்டுப் பாருங்கள், கிற்றார் எங்கே முந்துகிறது, எங்கே காத்திருக்கிறது என்று.

கழுத்தில் மேலே போவது

கோர்ட் நாலு என்றேன், பிடி நாலு என்று சொல்லவில்லை. மெல்லிய மூன்று கம்பியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிரெட் எண்களை 3ஆம் கம்பி, 2ஆம் கம்பி, 1ஆம் கம்பி என்ற ஒழுங்கில் எழுதுகிறேன். சி: 5-5-3. ஏ மைனர்: 5-5-5. எஃப்: 5-6-5. ஜி: 7-8-7.

பிடித்துப் பார்த்தீர்களா? சி யிலிருந்து ஏ மைனருக்கு 1ஆம் கம்பியில் ஒரே ஒரு சுரம்தான் நகர்கிறது. அங்கிருந்து எஃப் க்கு 2ஆம் கம்பியில் ஒன்று. எஃப் இலிருந்து ஜி க்கு அதே பிடி அப்படியே இரண்டு ஃபிரெட் மேலே. திரும்பி சி க்கு வரும்போது கீழே இறங்கலாம், அல்லது 9-8-8 என்று இன்னும் மேலே ஏறலாம், அதுவும் சி தான். கீழே பெரிய கோர்ட்டில் தாவித் தாவிப் போனது இங்கே படி ஏறுவது போலப் போகும். இதைக் கண்டுபிடித்த இரவு நான் தூங்கவே இல்லை, பக்கத்து வீட்டாரும்தான்.

இந்தச் சின்னப் பிடிகளைத் தகிட தகிட தக வோடு சேர்த்து அடியுங்கள். அல்லது 2, 4, 6, 8 இல் வரும் மேலடிகளை மட்டும் அடித்துக் கீழடிகளைக் காற்றில் விடுங்கள், ரெகே வாடை வந்துவிடும். பாஸ் கிற்றாரும் கீபோர்டும் இருக்கிற குழுவில் என் பாதி நேரம் இப்போது இந்த மூன்று கம்பியில்தான் போகிறது, ஏனென்றால் அடிப்பக்கத்தை அவர்கள் ஏற்கனவே நிரப்பியிருப்பார்கள், அங்கே நானும் போய் நின்றால் நெரிசல்தான்.

இரண்டு கிற்றார் என்றால் இன்னும் சுகம். இரண்டு பேரும் ஒரே பிடியில் ஒரே அடியை அடிப்பது காசுக்குக் கேடு. ஒருவர் சாதாரணமாக சி, ஏ மைனர், எஃப், ஜி வாசிக்கட்டும். மற்றவர் 5ஆம் ஃபிரெட்டில் கேப்போவை, எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வியை, போட்டு ஜி, ஈ மைனர், சி, டி பிடிகளை வாசிக்கட்டும். ஒலிப்பது அதே நாலு கோர்ட், உயரம் மட்டும் வேறு. ஒருவர் நிறைய அடித்தால் மற்றவர் பாருக்கு இரண்டே அடி, அல்லது ஒவ்வொரு கம்பியாக விரித்து. இதை மட்டும் முதலிலேயே பேசி வையுங்கள், மேடையில் கண்ணால் சண்டை பிடிக்க நேரமிராது.

பழகும் விதம்

மெற்றோனோமை, சீராகத் தட்டி வேகம் காட்டும் கருவியை, ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் தட்ட விட்டால் அது உங்களைத் தூக்கிக்கொண்டு போகும், நீங்கள் தாளம் பிடித்த மாதிரி ஒரு பொய்த் தோற்றம். பாட்டு நிமிடத்துக்கு 80 எண்ணிக்கை வேகம் என்றால் 40 இல் வையுங்கள், அந்தத் தட்டல்களை 2ஆவது, 4ஆவது எண்ணிக்கையாக, அதாவது நம் கணக்கில் 3 ஆவது, 7 ஆவது இடமாக, எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நடக்கத் தெரியாத பிள்ளை மாதிரி விழுவீர்கள். இரண்டு மூன்று நாளில் பிடிபடும்.

ஒரு நாளைக்கு ஒரு விஷயம். திங்கள் தகிட தகிட தக மட்டும், செவ்வாய் பாஸ் நடை மட்டும் என்று. எல்லாவற்றையும் ஒரே பாட்டில் ஒரே நாளில் கொட்டினால் அதுவும் இன்னொரு மழைதான். என் அனுபவத்தில் ஒரு பாட்டுக்கு மூன்று மாற்றம் போதும்: சரணத்துக்கு ஒன்று, பல்லவிக்கு ஒன்று, கடைசிப் பல்லவிக்கு ஒன்று. மூன்றையும் போனில் பதிவுசெய்து, உடனே கேட்காமல், அடுத்த நாள் காலையில் கேளுங்கள். வாசித்த கையோடு கேட்டால் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும்.

பிறகு ஒரு பின்னேரம் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு டச் பே கடற்கரைப் பக்கம் போங்கள், கச்சான் கொறிக்கிற நாலு கூட்டாளிகளோடு. அலைச் சத்தத்துக்கும் காற்றுக்கும் நடுவே உங்கள் மெல்லிய வேலைகளில் எது நிற்கிறது, எது காணாமல் போகிறது என்று அங்கே தெரியும். 2ஆம் கம்பிக் குட்டி மெட்டு எனக்கு அங்கே காணாமல் போனது, தகிட தகிட தக நின்றது. வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு கம்பியையும் உலர்ந்த துணியால், கம்பிக்கு அடிப்பக்கமும் சேர்த்து, துடைத்து உறைக்குள் வையுங்கள். உப்புக் காற்றில் 1ஆம், 2ஆம் கம்பிகள்தான் முதலில் துருப்பிடிக்கும், துருப்பிடித்த கம்பியில் சுண்டுவிரல் வழுக்காது.